நான் எழுந்து நிற்காத இரங்கல் கூட்டம்

செஞ்சியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், எதிரே கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியிருந்தது. யாரோ பெரிய ஆள் போய்விட்டார் என்று தெரிந்தது. டீ கொண்டுவந்தவரிடம் கேட்டேன்.

“எதோ வெளிநாட்டு அதிபராம்க்கா. டிவில அதான் ஓடிக்கினு இருக்குது. நம்ம நாட்டுலயும் துக்கமாம்,” என்றார்.

எந்த நாடு என்று கேட்டேன். சொன்னார். டீயை வாங்கி மிஷின் மேல் வைத்தேன். குடிக்க மறந்து, அது ஆடை படிந்து ஆறிப்போனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் பூசி மெழுகி எழுதுவதில் பயனில்லை. சாவைக் கண்டு சந்தோஷப்படுகிற ஆள் இல்லை நான். எங்கள் கடைத்தெருவில் பிணம் போகும்போது எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்போம். போகிறவர் வேண்டியவரா வேண்டாதவரா என்று யாரும் பார்ப்பதில்லை. என்னைப் பற்றி ஊரெல்லாம் கண்டபடி பேசித் திரிந்த ஒருவர் போனபோதும் இறக்கினேன், பாதிக்குக் கொஞ்சம் கீழாகவே இறக்கினேன். அப்படிப்பட்ட எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அந்தக் காலைப்பொழுதில் யாரிடமும் எரிந்து விழவில்லை. ஒரு பக்கம் கோணலாக விழுந்த பிரதிக்குக் காசு வாங்காமல் வேறு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. என் தம்பி அங்கே இருக்கிறான். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்பது தெரியாது. அதனால்தான் பெயர் வேண்டாம் என்கிறேன்.

தம்பி எலெக்ட்ரீஷியன். செஞ்சியிலும் சுற்று ஊர்களிலும் அவன் வயர் இழுத்த வீடுகள் நிறைய உண்டு. திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுவதென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான பிறகு, இங்கே வருகிற வருமானம் போதாது என்று அங்கே போனான். போய்ச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு சாயங்காலம் அவன் தங்கியிருந்த தெருவில் கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. அந்த நாட்டுக்காரர்கள், விலைவாசியோ வேறெதுவோ, அவர்கள் பிரச்சினை. இவன் பால்கனியில் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டு, “இங்க பாரு, எவ்ளோ பேரு,” என்று காட்டினான். அப்போது அவன் அறைக் கதவை யாரோ இடித்தார்கள். போன் கீழே விழுந்து கொஞ்ச நேரம் சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்ததாம். பிறகு கட் ஆகிவிட்டது. கூட இருந்தவர் மறுநாள் பேசினார். “கொண்டு போய்ட்டாங்க,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் போனை எடுக்கவில்லை.

அந்த அதிபர் அப்படி எத்தனை பேரைக் கொண்டுபோனார் என்பது எனக்குத் தெரியாது. கொண்டுபோனவர்களைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்க முடியாது என்பது தெரியும். இங்கே நாங்கள் மனு கொடுக்காத இடமில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதில் அந்த ஒரு வசதி. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்டிலிருந்து பதில் வரவில்லை என்றார்கள்.

தம்பி மனைவி என்னோடுதான் இருக்கிறாள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். ரேஷன் கார்டில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று ஒரு சமயம் அறிவித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். கடையில் இருந்தவர் நல்ல மாதிரி. எங்கள் கதை தெரிந்தவர்தான். குரலைத் தணித்துக்கொண்டு, “பேர எடுத்துடலாமாம்மா?” என்று கேட்டார். இவள் மிஷினில் விரலை அழுத்தியபடியே, “வெளியூர் போயிருக்காரு, வருவாரு,” என்றாள். அவர் பெயரை எடுக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடி இறங்கிய அன்றைக்கு மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரிக்கோல்.

“அண்ணி, இனிமே ஜெயில தெறந்து விடுவாங்களா?” என்று கேட்டாள்.

“புது ஆளு வந்தா விடுவாங்கன்னுதான் சொல்றாங்க,” என்றேன். யாரும் அப்படி என்னிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நானும் அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான் கடைக்காரி மட்டுமில்லை, வார்டு உறுப்பினரும்கூட. எந்தப் பேரூராட்சி மன்றம் என்று சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்று. மறுநாள் எங்கள் மன்றக் கூட்டம். அதற்கடுத்த நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு எங்கே பஸ்ஸை நிறுத்துவது, எங்கே தண்ணீர் டேங்க் வைப்பது என்று பேசத்தான் கூட்டம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் தலைவர் போன் செய்தார்.

“நாளைக்கு மொதல்ல ஒரு இரங்கல் தீர்மானம் வருதும்மா. அந்த நாட்டு அதிபருக்கு. நம்ம பக்கத்துப் பசங்க நெறைய பேரு அங்க வேல பாக்குறாங்க இல்ல? தீர்மானம் போட்டு அவங்க தூதரகத்துக்கு அனுப்பிட்டா நாளைக்கு ஒண்ணுன்னா ஒதவும். நீ எதுவும் டென்ஷன் ஆவக்கூடாது. உன் தம்பிக்கும் நல்லதுதான்.”

தலைவர் கெட்டவர் இல்லை. தம்பி விஷயமாக என்னோடு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியவர். அதனால் திட்டவும் முடியவில்லை. “பாக்கலாம் தலைவரே,” என்று போனை வைத்துவிட்டேன்.

எங்கள் மன்றத்தின் நடைமுறை இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரங்கல் தீர்மானத்துக்கு விவாதம் கிடையாது. தலைவர் படிப்பார், எல்லாரும் எழுந்து நிற்போம், நின்றால் நிறைவேறியதாகக் கணக்கு. மற்றது, யார் எதற்குச் சண்டை போட்டாலும் தலைவர் சொல்லும் ஒரே வார்த்தை, “சேத்துக்கலாம்.” ஒரு வார்டில் சிமெண்ட் ரோடு என்றால் பக்கத்து வார்டுக்காரர் கத்துவார். “சரி, உங்க தெருவையும் சேத்துக்கலாம்,” என்பார். கத்தியவர் உட்கார்ந்துவிடுவார். என் வார்டுக்கு போர்வெல் மோட்டார் அப்படித்தான் வந்தது. இப்படிச் சேர்த்துச் சேர்த்தே எங்கள் மன்றம் ஒரு ஓட்டெடுப்புக்குக்கூட அவசியமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிளம்பும்போது தம்பி மனைவி வாசல் வரை வந்தாள். தலைவர் போன் செய்ததை நான் சொல்லியிருந்தேன்.

“நின்னுடுங்க அண்ணி,” என்றாள்.

“எதுக்கு?”

“ரெண்டு நிமிஷம்தான. அங்க யாராவது படிச்சா நம்மள நல்லபடியா நெனைப்பாங்க. நீங்க மட்டும் நிக்கலன்னு பேப்பர்ல வந்து, அத எவனாவது பாத்துட்டா?”

“இங்க நான் குந்திக்கினு இருந்தா அங்க இருக்கறவனுக்கு இன்னாடி தெரியப் போவுது?”

“தெரியாதுல்ல? அதான் சொல்றேன்.” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “உங்க கோவம் பெருசா, அவரு பெருசா?”

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை எடுத்தேன். கூட்டு ரோட்டைத் தாண்டும்போது, நின்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்காக நிற்பது, மனசுக்குள் அந்த ஆளை நன்றாகத் திட்டிக்கொண்டே நிற்பது. அது யாருக்குத் தெரியப் போகிறது?

மன்ற ஹாலில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு பாய்க்கு. அவர் என் பக்கத்து வார்டு உறுப்பினர், பழைய இரும்புக்கடை வைத்திருப்பவர். எனக்கும் அவருக்கும் இரண்டு வார்டுக்கும் நடுவே ஓடுகிற சாக்கடை விஷயத்தில் வருஷக்கணக்கில் ஆகாது. கூட்டத்தில் எதிரும் புதிருமாகப் பேசுவோம், வெளியே பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை நாற்காலி. பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள் சிலர் ‘சும்மா கூட வந்தோம்’ என்று அங்கே வந்து உட்காருவார்கள். உறுப்பினர்களைவிட அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

தலைவர் எழுந்து படிக்க ஆரம்பித்தார். முதல் வரி சரியாக இருந்தது, காலமானார் என்ற செய்தி. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழத் தயாராக இருந்தேன். அடுத்து, “மக்கள் நலனையே மூச்சாகக் கொண்டவர், மனிதநேயம் மிக்கவர்,” என்று படித்தார். எங்கள் மன்றத்தில் யார் செத்தாலும் அதே வாசகம்தான், பெயரை மட்டும் மாற்றுவார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் மனிதநேயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த சீலிங் ஃபேன் ஞாபகம் வந்துவிட்டது. மேசையை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நாற்காலிகள் சரசரவென்று பின்னால் நகர்ந்தன. எல்லாரும் நின்றார்கள். என் பக்கத்தில் மட்டும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பாயும் உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திரும்மா,” என்றார் தலைவர், மெதுவாக. “காலு வலிக்குதா?”

“காலு நல்லாத்தான் இருக்குது தலைவரே. நான் நிக்கல. இந்தத் தீர்மானத்த நான் ஒத்துக்கல.”

“பாய், நீங்க இன்னா?”

பாய் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் அந்த நாட்டுல வெல்டரா இருந்தவன் தலைவரே. தெனம் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தாளு படத்துக்கு முன்னால எங்கள நிக்க வெப்பாங்க. சரியா நிக்கலன்னா அன்னிக்குக் கூலி கெடையாது. எல்லாம் நின்னு முடிச்சுட்டுத்தான் ஊருக்கு வந்தேன். இங்கயும் வந்து நிக்கணுமா?”

அவர் அங்கே வேலை பார்த்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாக்கடையைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசியதில்லை.

நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு வீட்டுக்காரர், “செத்தவர் மேல இன்னா கோவம்?” என்றார்.

“நீங்க மெம்பரா?” என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவர் விடவில்லை. “நம்ம ஊருல எதிரி பொணம் போனாலும் ஷட்டர பாதி எறக்குறமே. நீயே எறக்குவ. நான் பாத்திருக்கேன்.”

“எறக்குவேன். இந்தப் பொணம் நம்ம தெருவுல போகலியே தலைவரே. அந்தாளு வீட்டுல அழுவறதுக்கு ஆளு இருக்குது, அழட்டும். மனிதநேயம்னு நம்ம மன்றம் எழுதி முத்திரை குத்தி அனுப்பக் கூடாது. என் தம்பி எங்கன்னு அந்த முத்திரைக்குத் தெரியுமா?”

குரல் உடைந்துவிட்டது. கோபத்தில் பேசும்போது எனக்கு அழுகை வரும், அது எனக்கே பிடிக்காது. செயல் அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஆட்சேபணையைப் பதிவு செய்ய இடமிருக்கிறது என்றார். தலைவருக்கு அது ஆறுதலாக இல்லை. எங்கள் மன்றத்தில் ஓட்டு என்ற பேச்சே எழுந்ததில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். திடீரென்று முகம் தெளிந்தது.

“சரிம்மா. உன் வருத்தம் நியாயம். ஒண்ணு பண்ணலாம். உன் தம்பியையும் சேத்துக்கலாம்.”

எனக்குப் புரியவில்லை.

“இரங்கல்ல அவன் பேரையும் சேத்துக்கலாம். நம்ம ஊருப் பையன். அவனுக்கும் சேத்து எல்லாரும் நிப்போம்.”

சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முதல் தடவை கடமைக்கு எழுந்தவர்கள், இந்தத் தடவை மனசோடு எழுந்தார்கள். அது முகத்திலேயே தெரிந்தது. அவன் வயர் இழுத்த வீட்டுக்காரர்கள் அதில் எத்தனையோ பேர். ஒரு பெண் உறுப்பினர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பின்வரிசை வீட்டுக்காரர்களும் நின்றார்கள். பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதிபருக்கு எழாத பாய், தலையைக் குனிந்துகொண்டு என் தம்பிக்காக எழுந்து நின்றார்.

ஹாலில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் அவ்வளவு அன்பாக நின்று அவனைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

“ஒக்காருங்க!” என்று கத்தினேன். எனக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. “எல்லாரும் ஒக்காருங்க! பாய், நீங்களும் ஒக்காருங்க! அவன் சாகல. வெளியூர் போயிருக்கான். வருவான்.”

முதலில் பாய் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியாகத் தலைவர். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாகவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் இல்லை என்று நானே நம்பிய நாட்கள் உண்டு. வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் ரேஷன் கடையில் சொன்னது என் வாயில் எப்படி வந்தது என்பதும் தெரியாது.

அதிபருக்கான இரங்கலை ஒத்திவைப்பதாகத் தலைவர் அறிவித்தார். இரங்கலை ஒத்திவைத்த மன்றம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. பிறகு அமாவாசை பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் டேங்கை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் பாய்க்கும் வழக்கம்போலத் தகராறு வந்தது. இரண்டு இடத்திலும் வைக்கலாம், சேத்துக்கலாம் என்று சொல்லத் தலைவர் வாயெடுத்தார், சொல்லாமல் என்னைப் பார்த்தார். நானே, “சேத்துக்கலாம் தலைவரே,” என்றேன். படியிறங்கும்போது பாய் என்னிடம், “மன்னிச்சுக்கங்கக்கா, நான் யோசிக்காம எழுந்துட்டேன்,” என்றார். பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. செஞ்சியில் அதற்கு அதிக நேரம் தேவையில்லை. தம்பி மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். துணி ஊசிக்கு அடியில் இருந்தது, மிஷின் ஓடவில்லை.

“நிக்க மாட்டேன்னுட்டீங்களாமே,” என்றாள்.

“ஆமா.”

“சொல்லியும் கேக்கல.”

“நிக்கலாம்னுதான் போனேன். முடியல.” அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்திருந்தேன்.

அவள் துணியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அவருக்கும் எல்லாரும் எழுந்து நின்னாங்களாமே?”

“நின்னாங்க.”

“நீங்க?”

“நான் குந்திக்கினுதான் இருந்தேன். எல்லாரையும் ஒக்கார வெச்சேன்.”

“இன்னா சொல்லி?”

“ரேஷன் கடையில நீ சொன்னதத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமா.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பதுபோல உதடு போயிற்று, அதற்குள் அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை ஒருத்தி அழுதால் மற்றவள் சமையலறைக்குப் போய்விடுவாள், இரண்டு பேரும் அழுதால் அது எழவு வீடாகிவிடும் என்ற பயம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய் இரண்டு தட்டு வைத்தாள். “வாங்க அண்ணி, சாப்புடலாம்,” என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு, “திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போவும்போது இந்த வாட்டி மாத்தி எழுதுங்க,” என்றாள். “எங்க இருக்காருன்னு கேக்காதீங்க. அந்தாளுதான் போய்ட்டான்ல. வீட்டுக்கு அனுப்பி வையுங்கன்னு எழுதுங்க.”